தண்ணீரை நிறுத்தச் சொன்னவர்

தீ எரியும்போது தண்ணீரை நிறுத்தச் சொன்னது சுகுணாவின் குற்றம் என்று கம்பெனி எழுதி நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருக்கிறது. அவர் தண்ணீரை நிறுத்தச் சொன்னது உண்மை. அது குற்றம் என்பது பொய். வாய் திறந்து பதில் சொல்ல முடியாத ஒரு பெண்ணின் மேல் இந்தப் பொய்யை ஏற்றிவைத்ததுதான் நடந்திருக்கும் அநியாயம். அன்று பம்பின் சுவிட்சை அணைத்த கை என்னுடையது. ஆகவே இதைச் சொல்ல என்னைவிட உரிமை உள்ளவர் யாரும் இல்லை.

அவர் போய்விட்ட செய்தி வந்தபோது நான் சத்தியவேடு பஸ் நிலையத்தில் திருப்பதி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். தீக்காயம் பட்டவருக்கு மெல்லிய பழைய பருத்தித் துணி வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டிருந்தார்கள். என் மனைவி தன்னுடைய பழைய புடவைகளைக் கொதிநீரில் அலசிக் காயவைத்து மடித்துக் கொடுத்திருந்தாள். அந்தப் பை என் தோளில் இருந்தது. போனில் சுகுணாவின் தகப்பனார் முனசாமி பேசினார்.

“அண்ணா, நீ வர வாணாம்ணா. நாங்களே இட்டுக்கினு வந்துடறோம்.”

“டாக்டர் வூட்டுக்கு அனுப்பிட்டாரா?” என்று நான் கேட்டுவிட்டேன். அந்தப் பக்கத்தில் அவர் அழுவது கேட்டது. பஸ் வந்து நின்றது. “இன்னா பெரியவரே, ஏறப்போறியா இல்லியா?” என்று கண்டக்டர் கேட்டார். நான் ஏறவில்லை. புடவைப் பையை மார்போடு பிடித்துக்கொண்டு, பஸ் புறப்பட்டுப் போகும்வரை அங்கேயே நின்றிருந்தேன்.

அவரை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ரியாக்டர் பக்கத்தில் வேலை பார்த்தவர்கள், பேக்கிங் கொட்டகைப் பெண்கள், நகரிப் பக்கத்து அவருடைய ஊர்க்காரர்கள், எல்லோருக்கும். வயதில் அவர் என் மகனைவிடச் சின்னவர். ஆனாலும் ஷிப்டில் எனக்கு மேலே இருந்த கெமிஸ்ட். அதனால் ‘அவர்’ என்றே எழுதுகிறேன். ‘அந்தப் பொண்ணு’ என்று பேசுகிறவர்கள் பேசிக்கொள்ளட்டும்.

என்னைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பாய்லருக்கு விறகு தள்ளப் போய், அழுத்தம் காட்டும் கேஜ் பார்க்கப் பழகி, டிரம்மில் ஒட்டியிருக்கும் சீட்டுகளை எழுத்துக்கூட்டிப் படித்து, பழைய புத்தகக் கடையில் தெலுங்குப் பாடப்புத்தகங்கள் வாங்கி, பரீட்சை எழுதி பாய்லர் லைசென்ஸ் எடுத்தவன். எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அதனால் யார் எதைச் சொன்னாலும் உடனே ஒப்புக்கொள்கிற வழக்கமும் எனக்கு இல்லை. சுகுணா சொன்னதையும் நான் உடனே ஒப்புக்கொள்ளவில்லை.

வெளிநாட்டு வியாபாரத்துக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று பத்திரிகைகள் எழுதிய காலத்தில், சென்னையில் இடம் போதாத ஆலைகள் ஒவ்வொன்றாக ஆந்திர எல்லைக்கு இந்தப் பக்கம் வந்தன. சத்தியவேட்டிலிருந்து தடா போகும் வழியில், கம்பு விளைந்த மேட்டில் எங்கள் கம்பெனியின் மதில் எழுந்தது. மாத்திரைகளுக்கான மூலப்பொருள் செய்கிற ஆலை. ஆரம்பத்தில் எங்களூர் ஆட்கள் மட்டும்தான். ஆர்டர் பெருகியதும் காண்டிராக்டர்கள் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். அதே சமயத்தில்தான் சுகுணாவும் வந்தார். திருப்பதியில் கெமிஸ்ட்ரி படித்தவர். முனசாமி மாந்தோப்புகளில் கூலிக்குக் காவல் இருந்து, பிறகு கொஞ்சம் நிலம் சேர்த்தவர். அந்த வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் சுகுணா.

வேலைக்குச் சேர்ந்த அன்றே அவர் பாய்லர் கொட்டகைக்கு வந்தார். புதிதாக வருகிற கெமிஸ்டுகள் யாரும் அங்கே வருவதில்லை. கரி ஒட்டும், வியர்க்கும். அவர் வந்து, தீயணைக்கும் தண்ணீர் பம்பைக் காட்டிக் கேட்டார்.

“பெரிப்பா, இத ஆன் பண்ணா தண்ணி எங்க போவுது?”

“தீ எரியற எடத்துக்குப் போவுது.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா? தீ அணையும்.”

“அணைச்ச தண்ணி எங்க போவும்?”

அத்தனை வருடத்தில் அப்படி யாரும் என்னிடம் கேட்டதில்லை. பதில் தெரியாததால் எனக்குக் கோபம் வந்தது. “உனுக்குத் தெரியணும்னா நடந்து பாரு” என்றேன். அவர் நிஜமாகவே நடந்தார். நானும் பின்னால் போனேன். மருந்து காய்ச்சும் ரியாக்டர்களின் அடியிலிருந்து திறந்த கால்வாய் ஒன்று புறப்பட்டு, டிரம் முற்றத்தைத் தாண்டி, பேக்கிங் கொட்டகையின் வாசலை ஒட்டிப்போய், மதிலுக்கு வெளியே விழுகிறது. கொட்டகைக்கு ஒரே கதவு. அதுவும் கால்வாய்ப் பக்கம். உள்ளே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். என் மருமகள் தேவியும் அதில் ஒருத்தி. சுகுணா அந்தக் கதவையும் கால்வாயையும் மாறிமாறிப் பார்த்தார். அன்று அவர் எதைப் பார்த்தார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. புரிந்த நாளிலிருந்து அந்தக் கால்வாயைத் தாண்டும்போதெல்லாம் கொட்டகைக் கதவைத் திரும்பிப் பார்ப்பேன்.

எங்கள் ஆலையில் ஒரு பழக்கம் உண்டு. மருந்துப் பொருளைக் கரைக்கும் திரவங்களைச் சால்வென்ட் என்போம். தொடக்க காலத்தில் எங்களுக்கு வந்ததெல்லாம் ஸ்பிரிட் வகை. ஆஸ்பத்திரி வாசனை அடிக்கும், டிரம்மில் ஐ.பி.ஏ. என்று பெயின்டில் எழுதியிருக்கும். அது எங்காவது சிந்திப் பற்றிக்கொண்டால் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவோம், அணைந்துவிடும். ஒவ்வொரு ரியாக்டர் பக்கத்திலும் நிறைந்த வாளி இருக்கும். ஆயுத பூஜையன்று அந்த வாளிகளுக்கும் சந்தனம் வைப்போம். புதிதாக வந்தவன் தீயைப் பார்த்துப் பின்வாங்கினால், “ஏண்டா, வாளி எதுக்குடா இருக்குது? மொகம் கழுவவா?” என்று கேலி செய்வோம். தண்ணீர் ஊற்ற ஓடுகிறவன்தான் ஆம்பளை என்று எல்லோருக்கும் படிந்துபோயிருந்தது. பிறகு டொலுவின் என்ற இன்னொரு சால்வென்ட் வந்தது. பழக்கம் மாறவில்லை.

ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பின் சுகுணா இரண்டு ஊறுகாய் பாட்டில்களோடு வந்தார். இரண்டிலும் பாதித் தண்ணீர். ஒன்றில் கொஞ்சம் ஸ்பிரிட்டை ஊற்றி மூடிக் குலுக்கினார். தண்ணீர் எது, ஸ்பிரிட் எது என்று தெரியாமல் ஒன்றாகிவிட்டது. மற்றதில் டொலுவினை ஊற்றிக் குலுக்கினார். பால் மாதிரி கலங்கியது. கீழே வைத்ததும் மெல்லப் பிரிந்து, தண்ணீர் அடியிலும் டொலுவின் மேலேயும் நின்றது. நடுவில் ஒரு கோடு, வாளால் வெட்டிய மாதிரி.

“ரெண்டும் பாக்கறதுக்கு ஒண்ணுதான் பெரிப்பா. கேட்டா சொல்லாது. குலுக்குனா சொல்லும்.”

“அதனால இன்னா? எண்ணெய் தண்ணியில மெதக்கும்னு எனக்குத் தெரியாதா?”

“தெரியும்ல? அப்ப இதப் பாருங்க.”

ஆலையில் நெருப்புக்கு அனுமதி உள்ள ஒரே இடம் பாய்லர் கொட்டகை. அவர் தன் சாப்பாட்டுத் தட்டில் தண்ணீர் ஊற்றினார். அதன் மேல் சில சொட்டு டொலுவினை விட்டு நீளக் குச்சியால் கொளுத்தினார். தண்ணீரின் மேல் தீ எரிந்தது. கறுப்புப் புகையோடு, தண்ணீர் அங்கே இருப்பதே தெரியாத மாதிரி எரிந்தது. பிறகு தட்டைக் கொஞ்சம் சாய்த்தார். தண்ணீர் ஓரத்துக்கு வந்தது, நெருப்பும் கூடவே வந்தது. விளிம்பில் வழிந்து, தரையில் என் காலை நோக்கி ஓடிவந்தது. நான் எகிறிப் பின்னால் போனேன். அவர் வாளி மண்ணைக் கொட்டி மூடினார்.

“இப்ப இதுமேல உங்க பம்புத் தண்ணிய உட்டா இன்னா ஆவும்?”

வாழ்நாள் முழுக்க நெருப்பின் முன் நின்றவன் நான். நெருப்புக்கு நான் பயந்ததில்லை. அன்று எனக்குப் பயம் வந்தது தண்ணீரைக் கண்டு.

அதன்பிறகு ரியாக்டர் ஒவ்வொன்றின் பக்கத்திலும் தண்ணீர் வாளிக்கு எதிரே ஒரு மண் வாளியும், மேலே கம்பியில் கட்டிய ஒரு சின்னக் கண்ணாடி பாட்டிலும் வந்தன. டிரம்மைத் திறக்கும் முன் ஒரு கரண்டி எடுத்துப் பாட்டிலில் விட்டுக் குலுக்க வேண்டும். ஆட்கள் அதற்குத் ‘தீர்த்தம் பாக்கறது’ என்று பெயர் வைத்தார்கள். நாராயணவனத்திலிருந்து வந்த பிட்டர் ஒருவர் குலுக்கும்போது கன்னத்தில் போட்டுக்கொள்வார். சுகுணாவும் சிரிப்பார். “மேனேஜர் சார் எந்த வகை மேடம்?” என்று யாரோ கேட்டதற்கு, “டொலுவின்தான். எவ்ளோ குலுக்குனாலும் நம்ம கூட சேர மாட்டாரு, மேல போய் நின்னுக்குவாரு” என்றார். அது ஆலை முழுக்கப் பரவி மேனேஜர் காதுக்கும் போனது.

வாசனை வைத்தே எது என்று சொல்லிவிட முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். வெளியாள் சொல்லிவிடுவார். எங்களால் முடியாது. உள்ளே வருடக்கணக்கில் இருந்தவர்களுக்கு மூக்கு போய்விடுகிறது. சோறு கருகினாலும் வீட்டுக்காரி சொன்னால்தான் தெரியும். “மூக்க நம்பாதீங்க பெரிப்பா, அது நமக்கு முன்னாடியே ரிட்டயர் ஆயிடுது” என்பார் சுகுணா.

பாட்டிலால் இன்னொரு நன்மையும் இருந்தது. பாதுகாப்பு வகுப்பு தெலுங்கிலும் இங்கிலீஷிலும் நடக்கும். ஒடிசாக்காரர்கள் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சுகுணா அவர்களைத் தனியே அழைத்து, பேச்சே இல்லாமல் பாட்டிலைக் குலுக்கிக் காட்டுவார். பிறகு தண்ணீர் வாளியை, அல்லது மண் வாளியைக் காட்டுவார். பிரகலாத் என்று ஒரு ஒடிசா ஆள், மீசை வைத்தவர், ஊரில் குடும்பம் உள்ளவர். சுகுணாவிடமிருந்து அவர் கற்ற தமிழ் இரண்டே வார்த்தை. ஒன்று ‘கலக்கும்’, இன்னொன்று ‘கலக்காது’. டீக்கடையில் பாலையும் டிகாஷனையும் காட்டி, “கலக்கும்” என்று சொல்லி எல்லோரையும் சிரிக்கவைப்பார்.

பிறகு வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிறவர்கள் ஆலையைப் பார்க்க வருகிறார்கள் என்று செய்தி வந்தது. சுவருக்கெல்லாம் வெள்ளையடித்தார்கள். தீயணைக்கும் நுரை வண்டியைச் சிவப்புப் பெயின்ட் அடித்து முன்வாசல் ஆபீஸ் எதிரில் அழகாக நிறுத்தினார்கள். பாட்டில்களை எல்லாம் அறுத்துக் கூடையில் போட்டார்கள். சுகுணா மேனேஜரிடம் போனார். நானும் அருகில் இருந்தேன்.

“ஆலைக்குள்ள கண்ணாடி இருக்கக் கூடாதும்மா. அவங்க பாத்தா ஆர்டர் போயிடும். லேப் எதுக்கு இருக்குது?”

“லேப்புல சாம்பிள் குடுத்தா நாளைக்கு சொல்றாங்க சார். டிரம் இன்னிக்கே ரியாக்டர் கிட்ட வந்துடுது.”

“டிரம் மேலதான் பேரு எழுதியிருக்கே.”

“டிரம்மு பழசு சார். உள்ள இருக்கறது புதுசு.”

“சரி, சேத்தாம்லே” என்றார் மேனேஜர். செய்யலாம் என்று பொருள், ஆனால் செய்ய மாட்டார்கள். எங்கள் பக்கத்து ஆபீஸ்களில் அந்தத் தெலுங்கு வார்த்தையைக் கேட்டவர்கள் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். சுகுணா திரும்பவில்லை, மறுபடியும் மறுபடியும் போய்க் கேட்டார். வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போன பிறகும் பாட்டில்கள் திரும்ப வரவில்லை. பாய்லர் கொட்டகையை யாரும் பார்க்க வராததால் அங்கிருந்த ஒரு பாட்டில் மட்டும் தப்பியது.

அதே நாட்களில் செலவைக் குறைக்க, பயன்படுத்தி மீட்டெடுத்த சால்வென்டை நாயுடுபேட்டைப் பக்கத்து வியாபாரி ஒருவரிடம் வாங்க ஆரம்பித்தார்கள். அவர் கிடைத்த டிரம்மில் கிடைத்ததை நிரப்பி அனுப்புவார். டிரம்மின் மேல் பழைய பெயர் அப்படியே இருக்கும். லாரி உள்ளே வரும்போதெல்லாம் சுகுணா என் பாட்டிலை இரவல் வாங்கிப் போவார். அவர் ஷிப்டில் இருக்கும் நேரம் சரி. இல்லாத நேரம்?

அன்று மத்தியானம் ஷிப்ட் மாறும் நேரம். சுகுணா அப்போதுதான் கேட்டுக்குள் வந்துகொண்டிருந்தார். ஐ.பி.ஏ. என்று எழுதிய டிரம்மிலிருந்து குழாய் போட்டு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருந்தது டொலுவின். டொலுவின் குழாயில் ஓடும்போதே மின்சாரத்தைச் சேர்த்துக்கொள்ளும், டிரம்மைத் தரையோடு கம்பியால் இணைத்தாக வேண்டும். ஸ்பிரிட் என்று நினைத்ததால் கம்பி மாட்டவில்லை. ஒரு பொறி போதும். பற்றிக்கொண்டது.

வழக்கப்படி வாளிகள் பறந்தன. “பம்பு, பம்பு” என்று கத்தினார்கள். நான் பம்பைப் போட்டேன். ஹோஸிலிருந்து தண்ணீர் பீறிட்ட சத்தம் கேட்டது. பாய்லர் கொட்டகை வாசலுக்கு வந்து பார்த்தேன். புகை கறுப்பாக எழுந்தது. ஸ்பிரிட் அப்படிப் புகையாது. கால்வாயைப் பார்த்தேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரின் மேல் தீ, ஒரு ஆள் உயரத்துக்கு, பேக்கிங் கொட்டகையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தது.

சுகுணா ஓடிவந்தார். செருப்பு ஒன்று கழன்றிருந்தது.

“பெரிப்பா, பம்ப நிறுத்துங்க.”

நான் நிறுத்தினேன். ஹோஸ் துவண்டு விழுந்தது. “எந்தக் கெழவன்டா தண்ணிய நிறுத்துனது?” என்று அங்கிருந்து குரல் வந்தது. அவர் அதற்குள் திரும்பி ஓடியிருந்தார். வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களை மறித்து, தமிழில் கத்தினார், தெலுங்கில் “நீள்ளு வத்து” என்று கத்தினார், இந்தியில் “பானி நஹீ” என்று கத்தினார். தீயின் முன்னால் தண்ணீர் வேண்டாம் என்று எந்த மொழியில் சொன்னாலும் யார் கேட்பார்கள்? பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். முன்னால் ஓடிய பிரகலாத்தின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“பிரகலாத், கலக்காது. கலக்காது.”

பிரகலாத் அப்படியே நின்றார். வாளியைப் பக்கத்துச் சுவரில் கொட்டிவிட்டு, சுவரோரம் அடுக்கியிருந்த மண்மூட்டையைத் தூக்கினார். இருவரும் பேக்கிங் கொட்டகைக்கு முன்னால் கால்வாயில் மூட்டைகளைப் போட்டு அடைத்தார்கள். பின்னால் ஓடும் தண்ணீர் நின்றுவிட்டதால் தீயின் வேகம் தளர்ந்திருந்தது. மூட்டையில் வந்து முட்டி, அங்கேயே நின்று எரிந்தது. கொட்டகைப் பெண்கள் அந்த ஒரே கதவு வழியாக வெளியே ஓடிவந்தார்கள். தேவி வெறுங்காலோடு, ஏனோ சாப்பாட்டுப் பையை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். கடைசிப் பெண் வெளியே வந்தாளா என்று சுகுணா எட்டிப் பார்த்தபோது, கால்வாயின் மேல் நின்றிருந்த டொலுவின் ஆவி ஒருமுறை குப்பென்று பிடித்து அவரைச் சூழ்ந்தது, பிரகலாத்தின் கையையும் சுட்டது.

முன்வாசல் நுரை வண்டி வந்து சேர்ந்தபோது, அணைக்க அதிகம் மிச்சமில்லை.

திருப்பதியில் அவரைப் பார்க்க இரண்டு முறை என்னை உள்ளே விட்டார்கள். இரண்டாவது முறை அவர் கேட்டது இதுதான். “டிரம்மு வந்துக்கினுதான் இருக்குதா பெரிப்பா?” நான் பொய் சொல்லத் தெரியாமல், “வருது” என்றேன். “உங்க பாட்டிலு?” “பத்திரமா இருக்குது.” “அதுல தண்ணிய மாத்துங்க. பாசி புடிச்சிருக்கும்.” அவ்வளவுதான் பேசினார். பிரகலாத் பக்கத்து வார்டில் கைக் கட்டோடு இருந்தார். அடுத்த முறை போனபோது அந்தக் கட்டிலில் வேறு யாரோ இருந்தார்கள். காண்டிராக்டர் ஊருக்கு ரயில் ஏற்றிவிட்டதாகச் சொன்னார்கள்.

சுகுணாவின் காரியம் முடிந்த மறுநாள் கம்பெனி கேட்டில் அவர் படம் போட்ட பெரிய பேனர் கட்டினார்கள். ஈடு செய்ய முடியாத இழப்பு என்று எழுதியிருந்தது. அதே கேட்டுக்கு உள்ளே நோட்டீஸ் பலகையில் அவர் பெயர் இன்னொரு முறை இருந்தது: ஷிப்ட் கெமிஸ்டின் தவறான உத்தரவால் தீயணைப்புத் தண்ணீர் நிறுத்தப்பட்டது, அதனால் தீ கட்டுக்கு மீறியது என்று. டிரம்மைப் பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லை. முனசாமி என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன். அவர் கேட்டார்.

“நிறுத்தச் சொன்னது நெஜந்தானா அண்ணா?”

“நெஜம்.”

“ஊர்ல கேக்கறாங்கண்ணா. எரியறப்ப எவனாவது தண்ணிய நிறுத்துவானா, படிச்ச பொண்ணு இப்டி பண்ணலாமான்னு. எனக்கு பதில் சொல்லத் தெரில.”

அவர் கண்ணிலும் அந்தக் கேள்வி இருந்தது. அதைப் பார்த்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் வீட்டுக்குப் போய், முற்றத்தில் தட்டை வைத்து, தண்ணீர் ஊற்றி, மோட்டார் சைக்கிளிலிருந்து எடுத்த பெட்ரோலைச் சில சொட்டு விட்டுக் கொளுத்தினேன். தட்டைச் சாய்த்தேன். அவர் தன் கால் பக்கம் ஓடிவந்த தீயைப் பார்த்தார். நகரவில்லை. நான்தான் மண்ணைப் போட்டேன். அவர் வீட்டுக்குள் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். “வெளிய வா. நம்ம பொண்ணு இன்னா பண்ணுச்சுன்னு வந்து பாரு.” அந்த அம்மாவுக்காக இன்னொரு முறை கொளுத்தினேன்.

மேனேஜர் என் வீடு தேடி வந்தார். என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். “அந்தம்மா சொன்னாங்க, நீங்க நிறுத்தினீங்க. அவ்ளோதானே பெரியவரே? அத மட்டும் எழுதிக் குடுங்க, திங்கக்கிழமையே டூட்டிக்கு வரலாம்.” “தரேன் சார். அவங்க சொன்னது சரின்னு ஒரு வரி சேத்து எழுதட்டுமா?” என்றேன். அவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்துவிட்டார். அவர் முகத்திலும் பயம் இருந்தது. அவர் பயப்படுவது டிரம்முக்கு அல்ல, தீயை விசாரிக்க வரும் அதிகாரிக்கு.

நான் பயப்படுவது டிரம்முக்கு. ஆலை மறுபடியும் ஓடுகிறது. அதே வியாபாரியின் லாரி அதே ரோட்டில் வருகிறது. அதே நீல டிரம்களில் அதே பழைய எழுத்து. கால்வாய் அதே இடத்தில், கொட்டகைக்கு அதே ஒற்றைக் கதவு. புதிதாக வந்திருக்கிற ஆட்களிடம், தீ என்றால் யார் என்ன சொன்னாலும் தண்ணீரை நிறுத்தாதே என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். சுகுணாவின் மேல் எழுதிய பொய் இப்போது ஆலையின் சட்டமாகிவிட்டது. அடுத்த முறை பம்பு ஓடிக்கொண்டே இருக்கும். கால்வாய் ஓடிக்கொண்டே இருக்கும்.

தேவி திரும்ப வேலைக்குப் போகிறாள். “பேசாத இருங்க மாமா, எனக்கு வேல போயிடும்” என்கிறாள். “போனா போவட்டும்.” “போவட்டும்னு சொல்றது சுலுவு மாமா. வேற எவன் குடுப்பான் வேல?” அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவள் கிளம்பிப் போனதிலிருந்து திரும்பி வருகிறவரை ஆலைச் சங்கு அகாலத்தில் ஊதுகிறதா என்று காது கொடுத்தபடி உட்கார்ந்திருக்கிறேன். குழாயடியில் தண்ணீர் வழிந்து தெருவில் ஓடினால்கூட என் கண் அது போகிற பக்கத்தையே பார்க்கிறது. தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்கிற இந்தப் புத்தியும், அந்த ஒரு ஊறுகாய் பாட்டிலும்தான் சுகுணாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியவை. இரண்டையும் நான் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். நோட்டீசில் கையெழுத்துப் போட்ட மேனேஜர் அதைத் தன் கையாலேயே கிழிக்க வேண்டும். குற்றம் சொல்ல ஒரு பெயர் வேண்டுமென்றால் என் பெயரைப் போடட்டும். தண்ணீரை நிறுத்தியவன் நான், மறுபடியும் நிறுத்துவேன். கொள்முதல் ஆபீசில் இருப்பவர்கள் பழைய பெயரோடு வரும் டிரம்மைக் கேட்டிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். வியாபாரி நிரப்பும் முன் பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு உள்ளே இருப்பதை எழுத வேண்டும். பேக்கிங் கொட்டகைக்குக் கால்வாய் இல்லாத பக்கம் இன்னொரு கதவைக் கம்பெனி உடைத்துத் திறக்க வேண்டும். அது திறக்கும்வரை பெண்கள் அந்தக் கொட்டகைக்குள் உட்காரக் கூடாது, வெளியே மரத்தடியில் உட்கார்ந்து பை ஒட்டலாம். நுரை வண்டியை ஆபீஸ் வாசலிலிருந்து ரியாக்டர் பக்கம் தள்ளிக்கொண்டுவர வேண்டும், தள்ள ஆள் இல்லையென்றால் என்னைக் கூப்பிடட்டும். பிரகலாத்தை அனுப்பிய காண்டிராக்டர் அவரைத் திரும்ப அழைத்துவந்து, விசாரிக்கிற அதிகாரியின் முன்னால் நிறுத்த வேண்டும். அதிகாரி, அவருக்குத் தமிழ் தெரியாதே என்று தள்ளிவிடாமல், அவரிடம் ஒரு பாட்டிலைக் கொடுத்துக் கேட்க வேண்டும். ஊரில் பேசிக்கொண்டிருப்பவர்கள் முனசாமி வீட்டுக்குப் போய் ஒருமுறை அந்தத் தட்டைப் பார்த்துவிட்டு வர வேண்டும். டிரம் உருட்டுகிற ஒவ்வொருவரும், யார் தடுத்தாலும், சாப்பாட்டுப் பையில் ஒரு சின்னக் கண்ணாடி பாட்டில் வைத்திருக்க வேண்டும், பாதித் தண்ணீரோடு. தேவி நாளைக் காலை ஷிப்டுக்குப் போகும்போது என்னுடையதைக் கொண்டுபோய் டிரம் முற்றத்தில் இருப்பவர்களிடம் கொடுத்து, சாயங்காலம் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஒப்புக்கொண்டிருக்கிறாள். அதில் பாசி பிடிக்காமல் தினமும் தண்ணீரை மாற்ற வேண்டியது நான்.